கலாசாலைப் பிரவேசம்

ஆனி மாதக் கடைசியில் தஞ்சாவூர் ஜங்ஷனிலோ திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலோ சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். ஒரு கையில் சான்றிதழ்கள் வைத்த உறையும் மற்றொரு கையில் புத்தம் புதிய பையுமாக ஒரு பிள்ளையோ பெண்ணோ தலையைக் குனிந்துகொண்டு நிற்க, தகப்பனார் சட்டைப் பையில் இருக்கும் பணத்தை மூன்றாம் முறையாகத் தொட்டுப் பார்த்துக்கொள்ள, தாயார் ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியை இறுக்கி, எண்ணெய் கசிந்து துணிமணிகளில் படக்கூடாதே என்று அதன்மேல் இன்னொரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருப்பார். முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் அந்தக் குழந்தைக்கு முந்தின இரவு உறக்கம் வந்திராது. காலையில் வைத்த இட்டிலி தொண்டையில் இறங்கியிராது. வயிற்றில் புளியைக் கரைப்பதுபோல ஒரு வேதனை இருந்துகொண்டே இருக்கும். உலகத்தில் தனக்கு மட்டுமே இந்தக் கோழைத்தனம் வாய்த்தது என்றும், உடன் படிக்கப் போகிற மற்றவர் எல்லோரும் தைரியசாலிகள் என்றும் அது எண்ணிக்கொண்டு நிற்கும்.

அந்த அச்சத்துக்கு நம் நாட்டில் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. போர்களையும் பட்டாபிஷேகங்களையும் எழுதி வைத்தவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. ஆனால் பெரியோர்களுடைய சுயசரிதைகளிலும், மாணவர் விடுதிகள் தோன்றிய வரலாறுகளிலும், வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய பெட்டிகளிலும் அது சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தோன்றுகிறது. எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது, கேட்ட கேள்விக்கு எந்தப் பாஷையில் பதில் சொல்வது, ஊரையும் குலத்தையும் அறிந்துகொண்டால் பக்கத்தில் உட்காரவிடுவார்களா என்னும் கேள்விகளே முதல் நாள் மருட்சியாக உருவெடுத்து வந்திருக்கின்றன. அந்த மருட்சி தைரியம் சொன்னவர்களால் தணிந்ததைவிடச் சோறும் இடமும் கொடுத்தவர்களால் தணிந்ததே மிகுதி.

சென்னை ராஜதானியில் இங்கிலீஷ் உயர்கல்வி 1840-ஆம் ஆண்டில் ஒரு சிறு ஆயத்தப் பள்ளியாகத் தொடங்கியது. பவல் துரை என்னும் ஆங்கிலேயர் அதன் தொடக்ககாலத் தலைமையாசிரியர். அதுவே வளர்ந்து 1855-இல் மாநிலக் கல்லூரியாயிற்று. 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் முதல் ரயில் ஓடியது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. இவ்விரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நேர்ந்தது தற்செயலே ஆயினும், கிராமத்துப் பிள்ளையொருவன் தன் குடும்பத்தாரை விட்டுப் பிரிந்து, முன்பின் கண்டிராத பட்டணத்துக்குப் போய், அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிப்பது என்னும் புதிய வழக்கத்துக்கு இரண்டுமே தேவையாக இருந்தன. அதற்கு முன்பும் நம்மவர் கல்விக்காக ஊர்விட்டு ஊர் போனதுண்டு. ஆனால் அது ஒரு குருவின் வீட்டுக்குப் போவதாக இருந்தது. குருபத்தினி அன்னமிடுவாள், திண்ணையில் படுக்க இடமிருக்கும், பாடம் தாய்மொழியிலோ வடமொழியிலோ நடக்கும். கலாசாலையில் குருபத்தினி இல்லை. மணியடித்தால் வகுப்பு, மணியடித்தால் முடிவு; அதன் பிறகு அந்தப் பெரிய ஊரில் பிள்ளை எங்கே போனான், என்ன உண்டான் என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

புதிய பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் கடல் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை. 1823-இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் முன்னமே பழகியிருந்ததால் இங்கிலீஷ் அவர்களுக்குப் புதிதாக இருந்திராது. எனினும் அதுவரை ஒருவருமே எழுதியிராத பரீட்சையை எழுதப் புகுந்தவர்களுக்கு, இன்னது கேட்பார்கள் என்று சொல்லித் தர முன்னே போனவர் எவரும் இல்லை. பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளில் மங்கிக் கிடந்த கலித்தொகையை அச்சேற்றித் தந்த அந்தத் தாமோதரம் பிள்ளையின் துணிவு, இந்த முதல் பரீட்சையிலேயே பயின்று பெற்றதாக இருக்கக் கூடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சோற்றின் கதைக்கு வருகிறேன். கும்பகோணத்திலும் திருச்சியிலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் 'வாரச் சாப்பாடு' என்ற ஒரு வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. ஏழைப் பிராமணப் பிள்ளையொருவன் படிக்க வந்தால், ஊர்ப் பெரியவர் ஒருவர் அவனை அழைத்துக்கொண்டு அக்கிரகாரத்தில் வீடு வீடாகச் சென்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடு, திங்கட்கிழமைக்கு ஒரு வீடு என்று ஏழு கிழமைக்கும் ஏழு வீடுகளைப் பேசி முடிப்பார். அதன்பின் ஆண்டு முழுவதும் அந்தந்தக் கிழமையில் அந்தந்த வீட்டில் அவனுக்கு இலை உண்டு. அன்றாடம் ஒரு புதிய வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகலாமா, அழைக்கும்வரை காத்திருக்கலாமா என்று தயங்கி நின்ற அந்தப் பிள்ளைகளுடைய சங்கோசத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை வீட்டில் தீட்டு வந்துவிட்டால், அல்லது அவர்கள் குலதெய்வத்துக்கு மாவிளக்குப் போட ஊருக்குப் போய்விட்டால், அந்த வியாழன் பிள்ளைக்கு உபவாசம். ஏழு வீட்டிலும் ஏழு விதமான மனம். சில வீட்டு அம்மாக்கள் தம் பிள்ளைக்கு ஊற்றியதுபோலவே நெய் ஊற்றினார்கள். சில வீடுகளில் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் உண்டபின் தண்ணீரூற்றிய சோறே மிஞ்சியது. ஆயினும் அந்த வழக்கம் இல்லாதிருந்தால் வக்கீல்களாகவும் நீதிபதிகளாகவும் தாசில்தார்களாகவும் பின்னாளில் விளங்கிய எத்தனையோ பேர் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். பெயர் எங்கும் எழுதப்படாத அந்த ஏழு வீட்டு அம்மாக்களையும் நம் நாட்டின் கல்விச் சரித்திரத்தில் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் எண்ணம். தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரத்தைப் போன்ற அன்னசத்திரங்களும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வந்தன.

ஆனால் வாரச் சாப்பாடு ஒரு வகுப்பாரின் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்தோ பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தோ படிக்க வந்த வேளாளர், நாயுடு, நாடார் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஏழு வீட்டுக் கதவும் திறவாது. பட்டணத்திலிருந்த உணவு விடுதிகள் பெரும்பாலும் பிராமணர் நடத்தியவை. அவற்றில் மற்றவர்களுக்கு இடமின்மையோ தனியிடமோதான் இருந்தது. கையில் பணமிருந்தும் பட்டினி கிடக்க நேர்ந்த இந்தக் கொடுமையைக் கண்ணால் கண்டவர் டாக்டர் சி. நடேச முதலியார். திருவல்லிக்கேணியில் மருத்துவம் செய்துவந்த அவர், 1910-களின் நடுப்பகுதியில் பிராமணரல்லாத மாணவர்கள் தங்கி உண்டு படிப்பதற்காகத் 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் தொடங்கினார். பிற்காலத்து அரசியல் நூல்கள் அவரை நீதிக்கட்சியின் மூலவர்களுள் ஒருவராகக் காட்டுகின்றன, அது உண்மையே. எனக்கோ, பெட்டியோடு தெருவில் நின்ற ஒரு பையனை உள்ளே அழைத்து, இன்றைக்கு இங்கே சாப்பிட்டுப் படுத்துக்கொள் என்று சொல்லக்கூடிய ஒரு வீட்டை அவர் ஏற்படுத்தியதே அந்த அரசியலுக்கெல்லாம் வித்தாகத் தெரிகிறது.

விடுதி என்பதைக் கல்லூரியின் அங்கமாகவே கருதத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் மில்லர். 1862-இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த அவர், ஆண்டர்சன் என்ற பாதிரியார் 1837-இல் தொடங்கிய சிறு பள்ளியைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்த்தார். மாணவன் வகுப்பில் கற்பதைவிட உடன் தங்கும் மாணவர்களிடமிருந்து கற்பது குறைவல்ல என்ற கொள்கையோடு அவர் தொடங்கிய விடுதி வாழ்க்கை, 1937-இல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக் காட்டுக்குள் குடிபெயர்ந்தபோது, சேலையூர், புனித தோமையர், பிஷப் ஹீபர் என மூன்று மாளிகைகளாக நிலைபெற்றது. அரசாங்கமும் தன் பங்குக்குச் சேப்பாக்கத்தில் விக்டோரியா விடுதியைக் கட்டியது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழும் ஏற்பாடு தமிழ்நாட்டில் முதன்முறையாகப் பெரிய அளவில் உண்டாயிற்று.

இதுவரை சொன்னவர்களின் அச்சத்துக்கெல்லாம் மேலான ஓர் அச்சத்தை அனுபவித்தவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஆதிதிராவிட வகுப்பில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், தாம் கோயமுத்தூர்க் கலாசாலையில் படித்த நாட்களைச் சில வரிகளில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 400 பிள்ளைகள் படித்த அந்த இடத்தில் பத்துப் பேரைத் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. எவரோடாவது சிநேகம் கொண்டால் ஊர் எது, வீடு எங்கே, குடும்பம் எது என்று கேட்பார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்ற பயத்தினால், அவர் காலையில் கலாசாலைக்கு வந்தும் உள்ளே போகாமல், வெளியே எங்கேயாவது ஓரிடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வகுப்பு கலைந்ததும், மற்றவர்கள் தம்மை வந்து சேர்ந்துகொள்ளாதபடி விரைந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த மணியோசையிலேயே நின்றுவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டை நிறுத்தும் ஓசை அது. அந்தப் பிள்ளைக்கோ உள்ளே போவதற்குக் கிடைத்த அனுமதி. வகுப்பு நடக்கும் நேரத்தில் அவருக்கு ஆபத்தில்லை, ஏனெனில் அப்போது எல்லோரும் ஆசிரியரைப் பார்த்திருப்பார்கள். ஓய்வு நேரமே அவருக்கு அச்சமான நேரம். தமிழ்நாட்டில் இருவர் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி 'எந்த ஊர்?' என்பதுதான். அந்நிய இடத்தில் அதைக் கேட்கும்போது நம் நெஞ்சு குளிர்கிறது. நம் ஜில்லாக்காரர் ஒருவர் அகப்பட மாட்டாரா என்று நாமே அதை எதிர்பார்க்கிறோம். அதே கேள்வி ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் வேலியோரத்தில் உட்கார வைத்தது. பிற்காலத்தில் 'பறையன்' என்ற பெயரிலேயே 1893-இல் பத்திரிகை நடத்தி, இலண்டன் வட்டமேஜை மாநாட்டில் தம் மக்களுக்காகப் பேசியவர் அவர். எந்தப் பெயரைச் சொல்ல அஞ்சி அவர் சிறுவயதில் மணியோசைக்குக் காத்திருந்தாரோ அந்தப் பெயரையே பத்திரிகையின் தலையில் அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டின் முன்பகுதியில் அரசாங்கத்தின் தொழிலாளர் துறை ஆதிதிராவிட மாணவர்களுக்குப் பள்ளிகளையும் விடுதிகளையும் ஏற்படுத்தத் தொடங்கியது. அந்த விடுதிகளின் மரபிலேயே இன்றைய அரசு ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஊர்தோறும் நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் சுவரும் குழாயும் இன்னும் செப்பனிடப்பட வேண்டிய நிலையில் இருப்பதைக் காணும்போது என் மனம் மிகவும் நோகிறது.

அச்சம் சிலருக்கு வேறு வடிவில் வந்தது. கணித மேதை ராமாநுஜன் 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் அந்த உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. துணிக்கடையில் கணக்கெழுதிய தகப்பனாருக்கு மாதச் சம்பளம் 20 ரூபாய். ஒரு பருவத்துக்குக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியதோ 32 ரூபாய். இந்தக் கணக்குக்கு விடை காணமுடியாமல் 1905-இல் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப்போனான். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பி.ஏ.வுக்கு முந்தின எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கல்லூரிக்குப் பொருந்தாதவன் என்று தன்னைத்தானே எண்ணிக்கொள்ளும் மாணவர்களிடம் நான் இந்த வரலாற்றைச் சொல்வதுண்டு. ராமாநுஜனைப்போல் ஆகிவிடலாம் என்று ஆசை காட்டுவதற்காகச் சொல்வதில்லை, அந்த 32 ரூபாயைப் பற்றிச் சொல்வதற்காகவே சொல்கிறேன். அந்தப் பிள்ளையை ஊரைவிட்டு ஓடச் செய்த பயத்தில் பாதிக்குமேல் பணத்தைப் பற்றிய பயம்.

அதே காலத்தில், 1903-இல், பதினான்கு வயதில் மாநிலக் கல்லூரியின் பி.ஏ. வகுப்பில் போய் உட்கார்ந்தார் சர் சி.வி. ராமன். உருவத்தில் மெலிந்த அந்தச் சிறுவனைப் பார்த்த பேராசிரியர் எலியட், இவன் வழிதவறி வந்தவனோ என்று ஐயுற்று, நீ இந்த வகுப்பு மாணவன்தானா என்று விசாரித்ததாக அவருடைய வரலாற்றில் வருகிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது எந்தப் பாடத்தை எடுப்பது என்ற மயக்கத்தில் இருந்தார். அதே கல்லூரியில் தத்துவம் படித்துத் தேறிய உறவினர் ஒருவர் தம் பழைய புத்தகங்களைக் கொடுத்துவிடவே, புத்தகச் செலவு மிச்சம் என்று தத்துவத்தையே எடுத்துக்கொண்டார். முன்னே போனவர் பின்னே வருபவனுக்குப் பழைய புத்தகங்களைக் கொடுப்பது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதிய அப்படியொரு புத்தகம் கைக்கு வந்தால், இந்தப் பாதையில் ஏற்கெனவே ஒருவர் நடந்து போயிருக்கிறார் என்பதே புதியவனுக்குப் பெரிய ஆறுதல்.

மருட்சி மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1880-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக நுழைந்த உ.வே. சாமிநாதையருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து. அவர் கல்லூரியில் படித்தவரல்லர். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் குருகுல வாசம் செய்தவர். நாற்காலியும் மேஜையும், மணியும், பெயர் கூப்பிடும் வழக்கமும் அவருக்கும் புதியவை. எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்களுள் பலர் ஏறத்தாழ அவர் வயதுடையவர்கள்; அவர் அமர்ந்த இடமோ தியாகராச செட்டியார் என்ற பெரும்புலவர் அமர்ந்திருந்த இடம். ஓய்வு பெற்ற அந்தச் செட்டியாரே முன்னின்று இவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போது, புதியவனுக்குப் பழையவன் கை கொடுப்பதே இந்தச் சரித்திரம் முழுவதிலும் ஓடும் இழை என்று தோன்றுகிறது.

பெண்களின் கதை தனி. ஆண்பிள்ளையை வழியனுப்பிய ஊர், பெண் கல்லூரிக்குப் போனபோது வழிமறித்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் இடம் கேட்டபோது, அவள் வந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். ஆண்கள் மட்டுமே நிறைந்த வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்த அவர், 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912-இல் தேறி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிய விளங்கினார். சிறுவயதில் விதவையான சுப்புலட்சுமி அம்மாள், ஊராரின் வசைச்சொல்லைத் தாங்கிக்கொண்டு 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார், சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே. பட்டம் பெற்றதும் அவர் செய்த காரியம் என்ன? 1912-இல் எழும்பூரில் ஒரு வீட்டை எடுத்து, நான்கு பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு உணவும் படிப்பும் கொடுக்கத் தொடங்கினார். அந்த இல்லம் பின்னர் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் என்ற கட்டிடத்துக்கு வந்தது.

அதே கடற்கரைச் சாலையில், 1914 ஜூலையில், காப்பர் ஹவுஸ் என்ற பழைய கட்டிடத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. முதல் ஆண்டில் 37 மாணவிகள். டொரதி டி லா ஹே என்ற ஆங்கிலப் பெண்மணி தலைவி. 1917-இல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயராயிற்று. அந்த முப்பத்தேழு பேரில் ஒருத்தியை நான் அடிக்கடி மனத்தில் காண முயல்வதுண்டு. மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ வாசலில் நிற்கிறது. தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு அவள் இறங்குகிறாள். எதிரே கடல், அதுவரை அவள் கேட்டறியாத அந்த இரைச்சல். பின்னால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியோ தகப்பனாரோ இன்னும் போகவில்லை; போகட்டும் என்றும் போகவேண்டாம் என்றும் அவளுக்கு ஒரே சமயத்தில் தோன்றுகிறது. அவளுக்கு முன் இந்தப் படியில் ஏறிய பெண் எவளும் இல்லை. இன்று அந்த வாசலில் கூட்டம் கூட்டமாக இறங்கும் பெண்கள் எவரும் அந்தத் தனிமையை அறியார்கள், அறியாதிருப்பதே நல்லது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கல்லூரி என்றால் இங்கிலீஷ் என்ற நிலை நூறாண்டுக்கு மேல் இருந்தது. பள்ளியில் தமிழில் பூகோளமும் சரித்திரமும் படித்து முதல் வகுப்பில் தேறிய பிள்ளை, பி.ஏ.வுக்கு முந்தின இண்டர்மீடியட்டிலோ பின்னாளில் அதன் இடத்தில் வந்த பி.யு.சி.யிலோ முதல் மணிநேரத்தில் ஆசிரியர் பேசுவது ஒன்றும் விளங்காமல், பக்கத்துப் பிள்ளை எழுதுவதை எட்டிப் பார்த்து எழுதிய துன்பம் எத்தனையோ இலட்சம் பேருடைய துன்பம். அறிவில்லாமையும் மொழி தெரியாமையும் வேறு வேறு என்பது அந்த வயதில் தெரியாது. தான் மந்தன் என்றே பிள்ளை முடிவு கட்டிவிடும். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பாடங்களைத் தமிழில் நடத்தத் தொடங்கியபோது, தரம் குறைந்துவிடும் என்று பலர் வாதாடினார்கள். தரத்தைப் பற்றி வாதாடிய அந்தப் பெரியவர்கள், வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தைச் சற்றுத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பெயர் கூப்பிடும்போது 'யெஸ் சார்' என்பதற்குப் பதிலாக 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும் வழக்கம் சில வகுப்புகளில் வந்தது. சிறிய மாற்றம்தான். ஆனால் முதல் நாளில் ஒரு பிள்ளை பலர் முன்னிலையில் உரக்கச் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை அது. தன் தாய் மொழியில் அதைச் சொல்லும்போது குரல் நடுங்குவது குறையும்.

கை கொடுக்க வேண்டிய மூத்தவனே புதியவனைத் துன்புறுத்தும் கெட்ட வழக்கமும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. ராகிங் என்ற அந்தக் கொடுமை நம் விடுதிகளில் வேடிக்கை என்ற பெயரால் நெடுநாள் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டபோது தமிழ்நாடே பதறியது. மறு ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் நிறைவேறியது. குற்றவாளிக்கு இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் விதிக்கப்பட்டன. ஒரு தாய் கட்டிக் கொடுத்த ஊறுகாய்ப் பாட்டில் அறையில் இருக்க, பிள்ளை திரும்பி வராமற்போன அந்த வீட்டை நினைத்தால் மேலே எழுதக் கை வரவில்லை.

என் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. பச்சை வர்ணம் பூசிய இரும்புப் பெட்டி. மூலைகளில் துருவேறி, தூக்கும் வளையம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் என் தகப்பனார் பெயரும், அவர் இண்டர்மீடியட் படித்த காலத்து விடுதி அறை எண்ணும் எழுதியிருந்தன. நான் பி.யு.சி.யில் சேர்ந்தபோது அதே பெட்டியைத் தட்டிச் சீராக்கி, அவர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அழித்து என் முதலெழுத்துகளை எழுதச் செய்தார்கள். உள்ளே இரண்டு வேட்டி, நான்கு சட்டை, ஒரு ஜமுக்காளம், எவர்சில்வர் தட்டும் தம்ளரும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பருப்புப் பொடி. தகப்பனார் விடுதிக் கட்டணத்தைக் கட்டி, என்னை அறையில் விட்டுவிட்டுக் கடைசிப் பேருந்துக்குப் புறப்பட்டபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. போகும்போது அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சாவியை மட்டும் என் அரைஞாணில் தம் கையாலேயே முடிந்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. வராந்தா நெடுகிலும் தட்டுகளோடு இரண்டு இரண்டு பேராகவும் நான்கு நான்கு பேராகவும் போனார்கள். எந்தப் பக்கம் போக வேண்டும், டோக்கன் வாங்க வேண்டுமா, தட்டை எங்கே கழுவுவது, எந்த வரிசையில் உட்காரலாம் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து தட்டை எடுக்கலாம் என்று குனிந்தால், சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. என் கை அப்படி நடுங்கிற்று. பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம் என்று நான் தீர்மானித்த சமயத்தில், எதிர் அறையிலிருந்து ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மூத்த மாணவர் வந்து நிலைப்படியில் நின்றார்.

"தம்பி, சாப்பிட்டாச்சா?"

"இல்லைங்கண்ணா."

"தட்டு இருக்கா?"

"பெட்டிக்குள்ள இருக்குங்க. பூட்டுத் திறக்க மாட்டேங்குது."

"அது கிடக்கட்டும், அப்புறம் திறந்துக்கலாம். என் அறைக்காரன் இன்னும் ஊரிலிருந்து வரலை, அவன் தட்டு இருக்கு. வா."

சாப்பாட்டுக் கூடத்தில் அவர் என்னைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பரிமாறியவரிடம் எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொன்னார். பேச்செல்லாம் மறுநாள் எத்தனை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் கட்டிடத்தில் என் வகுப்பு நடக்கும் என்பதைப் பற்றியே இருந்தது. என் ஊர் எது என்று அவர் கேட்டது, இருவரும் மோர் ஊற்றிக்கொண்ட பிறகுதான்.